கோட்டு வரிசையும் குல வரிசையும்

வரிசை என்று ஒரு சொல் தமிழில் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதும் வரிசை. ஊர்ப் பெருந்தனக்காரருக்குக் கோயில் வாயிலில் கொடுக்கப்பட்ட முதல் மரியாதையும் வரிசை. முன்னது ஒழுங்கு, பின்னது உயர்வு தாழ்வு. ஒரே சொல்லுக்குள் இவ்விரண்டும் ஒட்டி வாழ்வதைப் போலவே, உலக வரலாற்றிலும் இவை ஒட்டியே வாழ்ந்திருக்கின்றன. ஒழுங்கைக் காட்டி உயர்வு தாழ்வைக் காத்தனர் சிலர். உயர்வு தாழ்வைச் சாடப் புகுந்து, ஒழுங்கையும் சேர்த்தே சாடினர் வேறு சிலர். இரண்டையும் இனம் பிரித்துக் காணும் ஆற்றலுக்கே பகுத்தறிவு என்று பெயர். அப்படிப் பிரித்துக் காட்ட ஓர் எடுத்துக்காட்டைத் தேடினோம். சீனத்து எழுத்து கிடைத்தது.

ஆரணியாற்றங்கரைப் பெரியபாளையத்திற்கும் சீனத்து எழுத்திற்கும் என்னய்யா உறவு என்று தோழர்கள் வினவலாம். உறவு இன்றும் உண்டு, அன்றும் உண்டு.

இன்றைய உறவு எளிது. கிழக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை. அங்கு வேலைக்குச் செல்லும் நம் பக்கத்து இளைஞர் பலர். இயந்திரம் வந்திறங்கும் பெட்டியிலே சீன எழுத்து. இயந்திரத்தின் பொத்தானுக்கு மேலே சீன எழுத்து. பொருள் புரியாமல் பொத்தானை அழுத்த விரும்பாத இளைஞர் சிலர், கைப்பேசியை ஆசானாக்கிக்கொண்டு அவ்வெழுத்தை எழுதிப் பழகுகின்றனர். முதல் நாளே அவர்களை ஒரு விதி வழிமறிக்கிறது. உருவம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, கோடுகளை இன்ன வரிசையில்தான் இழுக்க வேண்டும் என்கிறது அவ்விதி. "வந்து நிற்கும் உருவம் ஒன்றுதானே! எந்தக் கோட்டை முதலில் இழுத்தால் என்ன?" என்று அவர்கள் நம்மிடம் கேட்டனர். நல்ல கேள்வி. ஏன் என்று கேட்கத் துணிந்தவனுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவன் ஆசிரியன்.

அன்றைய உறவுக்குக் கற்களே சான்று. 1281ஆம் ஆண்டு, குப்ளாய்கான் ஆண்ட நாளில், சீனத்துத் துறைமுகமாகிய சுவான்சௌவில் தமிழர் சிவன் திருவுருவை நிறுவித் தமிழில் கல்வெட்டுப் பொறித்தனர். அக்கல்லின் அடியில் சீன எழுத்து வரியும் உள்ளது. 1956இல் அது கண்டெடுக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலோ, 1267இல் கட்டி முடிக்கப்பட்டதாகச் சீன எழுத்தில் குறிக்கப்பட்ட கோபுரம் ஒன்று நின்றது என்று வாங் தாயுவான் என்னும் 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி எழுதி வைத்திருக்கிறார்.

மூன்றாவது கல் இலங்கையில் உள்ளது. 1409ஆம் ஆண்டு நாளிட்ட அக்கல், செங் ஹே என்னும் சீனக் கடற்படைத் தலைவர் காலத்தது. 1911இல் காலி நகரில் அகப்பட்டது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் அதில் உள்ளன. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாவைப் போற்றுகிறது. காணிக்கைப் பட்டியலோ ஏறத்தாழ ஒன்றேதான்: பொன் 1000, வெள்ளி 5000 என்று தொடங்குகிறது. கடவுளர் மாறினர், கணக்கு மாறவில்லை! அக்கல் சீனத்திலேயே வெட்டிக் கொண்டுவரப்பட்டது என்பர் ஆய்வாளர். அப்படியானால், அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே சீன மண்ணில் தமிழ் எழுதத் தெரிந்த கை ஒன்று இருந்தது. மாற்றார் எழுத்தைக் கற்பது நமக்குப் புதிதும் அன்று, இழிவும் அன்று.

இனி, கேள்விக்கு வருவோம்.

விதியும் காரணமும்

விதிகள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. மேலிருந்து கீழே எழுது என்பது முதல் விதி. மூன்று என்னும் எண்ணுக்குரிய எழுத்து மூன்று கிடைக்கோடுகள், மேற்கோடே முதற்கோடு. இடமிருந்து வலம் எழுது என்பது அடுத்தது. ஓடும் ஆற்றைக் குறிக்கும் எழுத்து மூன்று நெடுங்கோடுகள். இடப்பக்கத்துக் கோடே முந்தியது. குறுக்கும் நெடுக்கும் வெட்டிக்கொண்டால் குறுக்கு முதலில், நெடுக்குப் பிறகு. பத்து என்னும் எழுத்து நம் கூட்டல் குறி போன்றது. அதை எழுதுவது இவ்விதிப்படி. இடப்பக்கம் சாயும் கோடு முந்தும்; வலப்பக்கம் சாயும் கோடு பிந்தும். இரு கால் ஊன்றி நிற்கும் மனிதனைக் குறிக்கும் எழுத்து இவ்வாறு அமைவது. நடுவிலே ஒன்று, இருமருங்கிலும் இரண்டு என ஒத்து நின்றால் நடுவுக்கு முதலிடம். சிறியது என்னும் பொருள் தரும் எழுத்து இதற்குச் சான்று. கடைசி விதி சுவையானது. நாடு என்னும் எழுத்தைச் சுற்றி நாற்புறமும் சுவர் உண்டு. இடம், மேல், வலம் ஆகிய மூன்று புறங்களை எழுப்பி, உள்ளே வேண்டியதை எழுதி, அடிக்கோட்டை இறுதியில் இழுத்து மூட வேண்டும். வீட்டுக்குள் நுழைந்த பிறகு கதவைச் சாத்து என்று சீனப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருவர்.

இவை எவரோ கனவில் கண்டு உரைத்தவையல்ல. தூரிகை ஏந்திய கை கண்டறிந்தவை. மை ஈரம், கை வலக்கை. கீழே எழுதிவிட்டு மேலே போனால், எழுதிய மையிலேயே கை படும். ஒரு கோடு முடியும் இடத்துக்கு அண்மையில் அடுத்த கோடு தொடங்கினால், கைக்கு நடை குறையும்; விரைவு கூடும். பத்துப் பதினைந்து கோடுகள் கொண்ட எழுத்தை நாளெல்லாம் எழுதும் எழுத்தனுக்கு இது சிறு உதவியன்று.

விரைந்து எழுதும்போது காரணம் இன்னும் விளங்கும். தூரிகையை முழுதும் தூக்காமல் ஓட்டி எழுதினால், கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே மெல்லிய இழை ஓடும். எந்தக் கோட்டிலிருந்து எந்தக் கோட்டுக்குத் தாவினோம் என்பதை அவ்விழை காட்டிவிடும். ஊரார் அனைவரும் ஒரே வரிசையில் எழுதினால்தான் ஒருவர் ஓட்டி எழுதியதை மற்றவர் படிக்க இயலும். வரிசை தப்பினால் இழை தப்பும். இழை தப்பினால் எழுத்தே வேறாகத் தோன்றும்.

நினைவுக்கும் அதுவே துணை. ஒரே வரிசையில் நூறு முறை எழுதிய எழுத்தைக் கண் மறந்தாலும் கை மறவாது. சீன எழுத்தின் கோடுகளை ஐந்து வகையாகப் பகுத்துள்ளனர்: கிடை, நெடுக்கு, இடச்சாய்வு, புள்ளி, மடிப்பு. கைப்பேசியிலே இவ்வைந்து பொத்தான்களை எழுத்தின் கோட்டு வரிசைப்படி அழுத்தினால் எழுத்து வந்து நிற்கும். அகராதியிலும் கோடுகளை எண்ணித் தேடும் முறை உண்டு. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவிலே நாடுகள் அணிவகுத்து வந்தது கூடக் கோட்டுக் கணக்கின்படிதான். வழக்கம்போல் கிரேக்கம் முதலில் வந்தது. அடுத்து வந்தது ஆப்பிரிக்க நாடான கினி. காரணம் என்ன? அந்நாட்டுப் பெயரின் முதல் சீன எழுத்துக்கு இரண்டே கோடுகள்! பொருள்வளமும் படைவலிமையும் அங்கே வரிசையை முடிவு செய்யவில்லை. எழுத்தின் கோடுகள் முடிவு செய்தன.

நம் வீட்டு வாயிலிலும் இப்பாடம் உண்டு. கோலமிடும் பெண்கள் முதலில் புள்ளி வைப்பர். பின்னரே இழை இழுப்பர். இழையை முதலில் இழுத்துப் புள்ளியைப் பிறகு வைத்தால் பாவம் சேரும் என்பதாலா? இல்லை; கோலம் கோணும் என்பதால். காரணம் தெரிந்த விதி இப்படித்தான் அடக்கமாக இருக்கும், அச்சுறுத்தாது.

கருவி மாறினால் வரிசை மாறும்

சீன எழுத்தைப் படைத்தவர் நான்கு கண்களையுடைய சாங் சியே என்பது பழங்கதை. நாலு தலைப் பிரமன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு நாலு கண் கதை வியப்பளிக்காது. மண்ணைத் தோண்டியவர் கண்டதோ வேறு. 1899இல் அறிஞர் கவனத்துக்கு வந்த ஆமை ஓடுகளும் மாட்டெலும்புகளும், கி.மு. 13ஆம் நூற்றாண்டளவிலான சாங் மரபு மன்னரின் குறி கேட்கும் ஏடுகள். மழை வருமா, போர் வெல்லுமா, மன்னனின் பல்வலி தீருமா என்றெல்லாம் முன்னோரைக் கேட்டு எலும்பில் வெட்டி வைத்தனர். இன்று நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் மிகப் பழைய சீன எழுத்துகள் குறி கேட்ட எழுத்துகள்! எழுதிய நோக்கம் மூடநம்பிக்கை. எழுத்தோ அறிவின் கருவியாயிற்று.

அவ்வெலும்புகளுள் சிலவற்றில் நெடுக்குக் கோடுகள் மட்டும் வெட்டப்பட்டு, குறுக்குக் கோடுகள் வெட்டப்படாமல் நின்றுபோயுள்ளன. எலும்பைத் திருப்பித் திருப்பிக் கத்தியால் கீறுவது கடினம். ஆகவே நெடுக்கை எல்லாம் ஒரு சேர முடித்து, எலும்பைத் திருப்பிக் குறுக்கை வெட்டினர் என்று இதிலிருந்து அறிகிறோம். கத்திக்கு நெடுக்கு முந்தியது. தூரிகைக்குக் குறுக்கு முந்தியது. கருவி மாறிற்று; வரிசையும் மாறிற்று. மாறாத விதி எங்கே?

நாடு மாறினாலும் வரிசை மாறும். அரசன் என்னும் எழுத்துக்கு மூன்று கிடைக்கோடுகளும் அவற்றை இணைக்கும் ஒரு நெடுங்கோடும் உண்டு. சீன நாட்டுப் பள்ளியில் இரண்டு கிடைக்கோடுகளை எழுதிப் பின் நெடுங்கோட்டை இழுப்பர். ஜப்பான் நாட்டுப் பள்ளியில் ஒரு கிடைக்கோடு முடிந்ததுமே நெடுங்கோட்டை இழுத்துவிடுவர். வயல் என்னும் எழுத்திலும் இதே வேற்றுமை: கட்டத்துக்கு உள்ளே வரும் சிலுவையில் சீனர் குறுக்கை முதலில் எழுதுவர்; ஜப்பானியர் நெடுக்கை முதலில் எழுதுவர். இரு நாட்டு வயலிலும் நெல் விளையத்தான் செய்கிறது!

1958இல் ஜப்பான் கல்வி அமைச்சு கோட்டு வரிசைக்கு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. இதில் காட்டப்படாத வரிசைகள் தவறு என்று கொள்ள வேண்டா என்ற கருத்தையும் அதிலேயே சேர்த்தது. விதி செய்தவரே விதியின் எல்லையையும் சொல்லிவிட்ட நேர்மை அது. சீன அரசோ ஒரே வரிசை வேண்டும் என்று 1997இல் 7000 எழுத்துகளுக்கும், 2021 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 8105 எழுத்துகளுக்கும் வரிசை வகுத்தது. பள்ளிக்கும் கணிப்பொறிக்கும் பொது அளவுகோல் வேண்டும் என்பது அதற்குக் காரணம். இரண்டும் மனிதர் கூடிப் பேசி எடுத்த முடிவுகள். மனிதர் எடுத்ததை மனிதர் திருத்தலாம்.

இங்கே ஓர் ஆசிரியர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வரிசை வலக்கைக்காக அமைந்தது. இடக்கைப் பிள்ளைக்கு அது இடர் தரும். நம் நாட்டிலும் இடக்கையில் எழுதும் பிள்ளையின் கையில் அடித்து, சோற்றுக் கையால் எழுது, இல்லாவிட்டால் ஆகாது என்று மிரட்டும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் மறையவில்லை. கைக்காக எழுத்தா, எழுத்துக்காகக் கையா? விதியின் காரணம் அறிந்த ஆசிரியன், அக்காரணம் பொருந்தாத பிள்ளைக்கு விதியைத் தளர்த்துவான். காரணம் அறியாதவனே பிரம்பைத் தேடுவான்.

எழுத்தை வணங்கினர், ஏழைக்கு வழங்கினரா?

இதுவரை கண்டது கோட்டு வரிசை. இனிக் காண வேண்டியது குல வரிசை.

கி.பி. 100 அளவில் சூ சென் என்னும் அறிஞர் தொகுத்த அகராதியில் 9353 எழுத்துகள். 1716இல் காங்சி மன்னர் காலத்தில் முடிந்த அகராதியில் 47,035 எழுத்துகள். அன்றாட வாழ்வுக்கு 3500 எழுத்துகள் போதும் என்கிறது 1988ஆம் ஆண்டின் பட்டியல். அந்த 3500ஐக் கற்பதற்கே ஆண்டுகள் பல வேண்டும். விடியலில் வயலுக்குச் சென்று, இருட்டில் வீடு திரும்பும் உழவன் மகனுக்கு அந்த ஆண்டுகளை யார் கொடுத்தனர்? தூரிகையும் மையும் தாளும் யார் வாங்கித் தந்தனர்? அரசுப் பணித் தேர்வு பிறப்பைப் பெரிதாகப் பார்க்கவில்லை என்று பெருமை பேசுவர். ஏட்டில் உண்மைதான். ஆனால் தேர்வு எழுதத் தேவையான கல்வியைப் பெறுவதற்கு நிலமும் பணமும் ஓய்வும் தேவைப்பட்டன. கதவு திறந்திருந்தது; படிக்கட்டுதான் இல்லை! அத்தேர்வு முறை 1905இல் ஒழிக்கப்பட்டது.

எழுத்திட்ட தாளை மிதிப்பது குற்றம் என்று கருதினர் அந்நாளைய சீனர். அத்தகைய தாள்களைப் பொறுக்கிச் சேர்த்து, அதற்கென்றே கட்டிய அடுப்பில் எரித்து மரியாதை செய்தனர். நாமும் சளைத்தவர்களல்லர். ஆயுத பூசையன்று ஏட்டை அடுக்கி, பொட்டு வைத்து, பூச்சூட்டி, அன்று மட்டும் படிக்கக் கூடாது என்று கட்டளையிட்டவர்கள் நாம். எழுத்துக்கு அங்கும் பூசை, இங்கும் பூசை. எழுத்தறிவை ஏழைக்குக் கொடுக்கும் நெஞ்சந்தான் இரண்டு இடத்திலும் வாய்க்கவில்லை.

இக்கொடுமையை எள்ளி நகையாடியவர் லூ சுன். 1919இல் அவர் எழுதிய கோங் யீசி என்னும் சிறுகதையில், தேர்வில் தேறாத ஒரு படிப்பாளி வருகிறான். உழைப்பாளிகள் நின்று குடிக்கும் மதுக்கடையில், கிழிந்த நீண்ட அங்கியோடு அவனும் நின்று குடிக்கிறான். உழைக்கும் மக்கள் அணியும் குட்டைச் சட்டையை அணிய மனம் வரவில்லை. கடைச் சிறுவனை அழைத்து, சோம்பு போட்டு வேகவைத்த அவரை விதையின் பெயரில் வரும் எழுத்தை எழுதத் தெரியுமா என்று கேட்கிறான். அவ்வெழுத்தை நான்கு வகையாக எழுதலாம் என்று பெருமை பேசுகிறான். நான்கு வகை அறிந்தவனுக்கு நாலு காசு ஈட்டும் வகை தெரியவில்லை. நூல் திருடி அடிபட்டுக் கால் ஒடிந்து காணாமற்போகிறான். அவன் கற்ற எழுத்து அவனுக்கு அறிவாகவில்லை, அங்கியாயிற்று. அந்த அங்கியைக் களைய முடியாமல் மாண்டான். பட்டத்தைப் பூணூல்போல் மாட்டிக்கொண்டு உழைப்பை இழிவென்று எண்ணும் நம் நாட்டு இளைஞன் எவனும் இக்கதையைப் படித்துச் சிரிப்பதற்கு முன், சற்றுச் சிந்திக்க வேண்டும்.

ஆணின் நிலையே இதுவானால் பெண்ணின் நிலை என்ன? ஹூனான் மாநிலத்து ஜியாங்யோங் பகுதிப் பெண்கள் விடை சொல்கின்றனர். பள்ளி வாயில் தமக்கு மூடப்பட்டதால், சீன எழுத்திலிருந்தே மெல்லிய, சாய்ந்த, எளிய வடிவங்களை உருவாக்கித் தமக்கென்று ஓர் எழுத்தை அமைத்துக்கொண்டனர். பெண்ணெழுத்து என்பதே அதன் பெயர். சீன எழுத்து பெரும்பாலும் சொல்லுக்கும் பொருளுக்கும் நிற்பது. பெண்ணெழுத்தோ ஒலிக்கு நிற்பது. ஆகவே கற்க எளிது. தாய் மகளுக்கும், தோழி தோழிக்கும் கற்றுத் தந்தனர். மணமாகிப் போகும் தோழிக்குத் துணியட்டையிட்ட சிறு ஏட்டில் வாழ்த்தும் பிரிவுத் துயரும் எழுதிக் கொடுத்தனர். வழிவழியாக அதைக் கற்றோருள் இறுதியானவர் எனப்பட்ட யாங் ஹுவான்யி 2004இல் மறைந்தார். ஆசான் இல்லை, பள்ளி இல்லை, அரசு மானியம் இல்லை. அடக்கப்பட்டோர் அறிவின் வேட்கையால் ஓர் எழுத்தே எழுந்தது! பெண்ணுக்குக் கல்வி ஏறாது என்று சொன்ன வாய்கள் எந்நாட்டில் இருந்தாலும், இந்த எழுத்தைக் காட்டி அவற்றை அடைக்கலாம்.

எழுத்தைத் திருத்தியவர்கள்

1949இல் மக்கள் சீனம் அமைந்தபோது ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பது அந்நாட்டார் கூறும் கணக்கு. 1956 சனவரியில் எழுத்துகளை எளிமையாக்கும் திட்டம் வெளிவந்தது. 1964இல் 2200க்கும் மேற்பட்ட எளிய வடிவங்கள் கொண்ட பட்டியல் வந்தது. 1958இல் ஒலிப்பைக் காட்ட உரோமன் எழுத்தில் பின்யின் முறை ஏற்கப்பட்டது. எளிய வடிவங்களுள் பல புதிதாகப் புனையப்பட்டவையல்ல. கடைக்காரரும் கணக்கரும் மடலெழுதும் மக்களும் காலங்காலமாகக் கையோட்டத்தில் எழுதியவை. மக்கள் கை செய்த சுருக்கத்துக்கு அரசு ஒப்பமிட்டது, அவ்வளவே.

ஆனால் சீர்திருத்தம் என்ற பெயர் சூட்டியதாலேயே எதுவும் வென்றுவிடாது. 1977இல் இரண்டாவது எளிமைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தனர். மக்கள் குழம்பினர். 1986இல் அரசே அதைத் திரும்பப் பெற்றது. தைவானும் ஆங்காங்கும் பழைய சிக்கல் வடிவங்களையே வைத்துக்கொண்டும், ஏறக்குறைய எல்லாரும் எழுதப் படிக்கத் தெரிந்த நிலையை எய்தின. இதிலிருந்து நாம் கற்பது யாது? எழுத்தின் எளிமை உதவும். ஆனால் பள்ளியின் வாயில் திறவாமல் எழுத்து மட்டும் எளிதாகிப் பயனில்லை. எழுத்துச் சீர்திருத்தமும் சமுதாயச் சீர்திருத்தமும் வண்டியின் இரண்டு சக்கரங்கள். ஒன்று கழன்றால் வண்டி குடைசாயும்.

மணலும் ஓலையும்

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். தூரிகை சீன எழுத்தை வளர்த்தது போல, ஓலையும் எழுத்தாணியும் தமிழ் எழுத்தின் போக்கை மாற்றின. மெய்யெழுத்துக்கும், எகர ஒகரக் குறிலுக்கும் புள்ளி வேண்டும் என்பது தொல்காப்பியர் விதி. ஆனால் எழுத்தாணியால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். ஆகவே ஓலையில் எழுதியவர் புள்ளியை விட்டனர். குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்று படிப்பவர் தாமே உணர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. பழக்கம் உள்ளவர் படித்தனர், பாமரர் திகைத்தனர். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஒகர நெடில்களுக்கு வேறு வடிவம் காட்டி அத்திகைப்பில் ஒரு பகுதியைத் தீர்த்தார். இத்தாலியிலிருந்து வந்தவர் திருத்தினாரே என்று தமிழ் வெட்கப்படவில்லை, ஏற்றுக்கொண்டது.

1935இல் குடிஅரசு ஏட்டில் தந்தை பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். ணா, றா, னா ஆகியவையும், ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆகியவையும், ணை, லை, ளை, னை ஆகியவையும் அந்நாளில் மற்ற எழுத்துகளோடு ஒட்டாத தனித்தனி வடிவில் எழுதப்பட்டன. மொத்தம் 13. காவுக்கும் தாவுக்கும் கால் போட்டால் போதும். ணாவுக்கு மட்டும் வேறு கொம்பா? கைக்கு வைக்கும் குறி லைக்கு ஏன் ஆகாது? இவ்வளவு எளிய கேள்வியை எழுப்ப ஒரு பெரியார் தேவைப்பட்டார்! அச்சுக்கோப்பவர் கைக்கு வேலை குறைந்தது. பிள்ளையின் நினைவுக்குச் சுமை குறைந்தது. மொழி கெடும் என்றனர் பழமைவாதிகள். 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அச்சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. மொழி கெட்டதா? இன்று இக்கட்டுரையைப் படிக்கும் தோழர் எவருக்கும் இதில் எது சீர்திருந்திய எழுத்து என்பதே கண்ணில் படாது. வென்ற சீர்திருத்தத்தின் அடையாளம் அதுவே, அது வழக்கமாகிவிடும்.

சிங்கப்பூரை எண்ணிப் பாருங்கள். அங்கே சீனமும் தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஆட்சிமொழிகள். சீனர் தம் எளிய எழுத்தை 1969 தொடங்கிப் படிப்படியாக ஏற்றனர். தமிழர் பெரியார் வழி வந்த எழுத்தை ஏற்றனர். ஒரே ஊரில், இரு பழைய மொழிகள், தத்தம் பழைய சட்டையைத் தைத்துச் சீராக்கி அணிந்துகொண்டன. எந்த மொழியின் மானமும் கப்பலேறவில்லை.

எழுத்தைத் திருத்தியவர் கதை இது. எழுதும் உரிமை யாருக்கு இருந்தது? திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, ஆள்காட்டி விரலால் அகரம் எழுதிப் பழகினர். அண்ணாவி பிள்ளையின் விரலைப் பிடித்து இழுத்தபோது, உருவத்தோடு வரிசையும் விரலுக்குள் இறங்கியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் இம்முறையைக் கண்ட ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், தம் எழும்பூர்ப் பள்ளியில் அதைக் கையாண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். தாளும் மையும் வாங்க இயலாத இங்கிலாந்து ஏழைப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்றனர். சென்னை மணல் கடல் கடந்து சென்று ஆங்கில ஏழைக்கு எழுத்தறிவு தந்தது! ஆனால் அதே மணல், நம் சேரிப் பிள்ளையின் விரலுக்கு எட்டியதா? திண்ணையின் உயரம் இரண்டு முழம். அந்த இரண்டு முழத்தை ஏற விடாமல் எத்தனை தலைமுறைகளைத் தெருவிலேயே நிறுத்தினர்! பெல் கண்ட மணல் பல்லாயிரம் கல் தாண்டியது. சாதி கண்ட மணல் ஒரு தெருவைத் தாண்டவில்லை.

இதுதான் குல வரிசை. குறுக்குக் கோடு ஏன் முந்தியது என்று கேட்டால் சீனத்துத் தூரிகை காரணம் சொல்லும். இவன் ஏன் முந்தியவன், அவன் ஏன் பிந்தியவன் என்று கேட்டுப் பாருங்கள்! தலையில் பிறந்தான், காலில் பிறந்தான் என்ற கதையைத் தவிர வேறு விடை வராது.

இளைஞர்க்கு

தோழர்களே! கற்க விரும்புவோர் கற்கத் தொடங்குங்கள். கட்டம் போட்ட ஏடு ஒன்று போதும். சீனப் பள்ளிப் பிள்ளைகளும் கட்டத்துக்குள் நடுக்கோடு இட்ட ஏட்டில்தான் பழகுகின்றனர். ஒன்று, இரண்டு, மூன்று, பத்து என்ற எண்களோடு தொடங்குங்கள்; குறுக்கும் நெடுக்கும் கைக்கு வரும். பின் மனிதன், ஆறு, மலை, வயல், நாடு என்று செல்லுங்கள். ஆறு விதியும் அவற்றில் அடங்கும். நாளைக்கு ஐந்தெழுத்து என்றால் ஓராண்டில் ஆயிரத்தைத் தாண்டலாம். தாள் இல்லையா? பெய்ஜிங் பூங்காக்களில் முதியோர் நீளத் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துக் கல்தரையில் எழுதுகின்றனர். எழுத்து காய்ந்ததும் தரை மீண்டும் ஏடாகிறது. நம் ஆரணியாற்று மணல் அதற்குக் குறைந்ததன்று.

வரிசை தவறினால் வெட்க வேண்டா. காரணத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் மேலிருக்கும் எழுத்தைப் படிக்கத் தெரிந்த தொழிலாளி, இயந்திரத்துக்கு அடிமையாக நிற்க மாட்டான். நிறுத்து என்பது எது, ஓட்டு என்பது எது என்று பிறர் சொல்லிக் கேட்க வேண்டிய நிலையில் இருப்பவனின் விரலும் உயிரும் பிறர் கையில் இருக்கின்றன. எழுத்தறிவு அலங்காரமன்று, பாதுகாப்பு.

கற்றதை உங்கள் தெருவில் உள்ள தங்கைக்கும் கற்றுக் கொடுங்கள். பள்ளி இல்லாத ஜியாங்யோங் பெண்கள் தமக்குள்ளே கற்பித்துக்கொண்டனர். பள்ளியும் கைப்பேசியும் உள்ள நமக்கு என்ன தடை? சீனம் கற்பதால் தமிழ் தேயாது. பிற எழுத்தை எழுதிப் பார்த்தவனுக்குத்தான் தன் எழுத்தின் வளைவும் நெளிவும் கண்ணுக்குத் தெரியும். ககரத்தை எழுதும்போது எந்தக் கோட்டை முதலில் இழுக்கிறோம் என்று இதற்கு முன் நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

விதியைக் கண்டால் வணங்காதீர்கள், வெறுக்கவும் செய்யாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். காரணம் சொல்லும் விதிக்குக் கை கொடுங்கள். காரணம் சொல்லாமல் கண்ணை உருட்டும் விதிக்கு விடை கொடுங்கள். கோட்டு வரிசையைக் கற்போம். குல வரிசையைக் கலைப்போம்!